சுற்றிலும் நீர், குடிக்க மழை

வெனிஸ் நகருக்குள் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பது மதுரையிலிருந்து கிளம்பும்போதே எங்களுக்குத் தெரியும். கையால் உருட்டிக்கொண்டு நடக்கவும் கூடாது என்பது, ஏழு நாள்கள் மிதித்து அந்த ஊரின் வாசல்வரை வந்த பிறகுதான் தெரிந்தது. இத்தாலியின் வடக்கே மலைகளுக்கு நடுவே இருக்கும் போல்சானோவில் தொடங்கி, அடிஜே ஆற்றங்கரையோடு திரெந்தோ, ரொவெரெத்தோ, வெரோனா என்று இறங்கி, அங்கிருந்து விச்சென்சா, பதுவா வழியாகக் கிழக்கே திரும்பி, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வந்திருந்தோம். கடைசி நாள் மாலை, வெனிசுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மெஸ்த்ரேயில், விடுதியின் பின்முற்றத்தில் ஒன்பது சைக்கிள்களையும் வரிசையாக நிறுத்திப் பூட்டுச் சாவிகளை ஒப்படைத்தபோது, எங்களில் மூத்தவரான ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், சந்தையில் மாட்டை விற்றுவிட்டுக் கயிற்றோடு வீடு திரும்புகிறவரைப் போலத் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் அங்கேயே நின்றார்.

நாங்கள், ஞாயிற்றுக்கிழமை விடியலில் தமுக்கம் மைதானத்தருகே கூடி, அழகர்கோவில் வரையிலோ நாகமலைப் புதுக்கோட்டை தாண்டியோ மிதித்துவிட்டு, திரும்பும் வழியில் இட்லி சாப்பிட்டுக் கலைகிற சிறு குழு. இந்தப் பயணத்துக்காக மூன்று மாதங்கள் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பழகினோம். அங்கே போன பிறகுதான், அடிஜே ஆற்றோரப் பாதை பெரும்பாலும் சமதளமோ இறக்கமோதான் என்பதும், எங்கள் பயிற்சியில் பாதி வீண் என்பதும் புரிந்தது. அந்த ஏழு நாள்களைப் பற்றித் தனியாக எழுத எண்ணியிருக்கிறேன். இங்கே எழுதுவது, சைக்கிள்களைக் கொடுத்த பிறகு மூன்று நாள்கள் வெனிசில் நடந்து திரிந்ததைப் பற்றி மட்டும். முப்பது ஆண்டுகள் பொதுப்பணித் துறையில் கண்மாய், மடை, கலுங்கு என்று காலம் தள்ளியவன் நான். ஆகவே ஓவியங்களையும் மாளிகைகளையும் பற்றி விரிவாக எதிர்பார்ப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெஸ்த்ரேயிலிருந்து ரயிலில் ஏறினால் பத்து, பன்னிரண்டு நிமிடங்களில் வெனிஸ் வந்துவிடுகிறது. 1846இல் திறக்கப்பட்ட ரயில் பாலமும், அதையொட்டி 1933இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமும்தான் நிலத்தோடு அந்த ஊருக்கு இருக்கும் பிணைப்பு. அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் படகைத் தவிர வேறு வழியில்லை. சாந்தா லூச்சியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால், நம் ஊரில் ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் படித்துறையும், படித்துறைக்கு அப்பால் பெருங்கால்வாயும் இருக்கின்றன. அங்கே நகரப் பேருந்துக்கு ஈடானது ‘வபொரெத்தோ’ என்னும் பயணிகள் படகு. 75 நிமிடங்களுக்கு ஒரு சீட்டு 9.50 யூரோ, ஒரு நாள் முழுவதற்கும் 25 யூரோ. மூன்று முறை ஏறி இறங்க வேண்டியிருந்தாலே நாள் சீட்டுதான் லாபம் என்று வங்கி மேலாளர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒன்றாம் எண் படகு எல்லாத் துறைகளிலும் நின்று நின்று போவதால் உள்ளூர்க்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஊர் பார்க்க வந்தவனுக்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது. ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்கால்வாய் முழுவதையும், நான்கு பாலங்களுக்கு அடியில் புகுந்து, இரு கரை மாளிகைகளின் வாசற்படிகளில் அலை மோதுவதைப் பார்த்தபடியே கடந்துவிடலாம்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “தண்ணியில மிதக்குற ஊராமே?” என்பதுதான். மிதக்கவில்லை, ஊன்றி நிற்கிறது. காயலுக்குள் கிடந்த 118 சிறு தீவுகளின் சேற்றில் மரக்கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கி, அதன்மேல் பலகை பரப்பி, உப்புநீர் ஏறாத இஸ்த்ரியா நாட்டுக் கல்லை அடுக்கி, அதற்கு மேல்தான் செங்கல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். காற்றுப் புகாத சேற்றுக்குள் மரம் எளிதில் மக்குவதில்லை. கல் கனத்தால் அடித்தளம் இறங்கிவிடும் என்பதால் சுவர்களை மெல்லிய செங்கல்லிலும் தளங்களை மரத்திலும் வைத்துக் கட்டடத்தின் எடையைக் குறைத்திருக்கிறார்கள். பெருங்கால்வாயின் மேல் நிற்கும் ரியால்தோ பாலம் இதற்கு விலக்கு. 1588 முதல் 1591 வரை அந்தோனியோ தா போந்தே கட்டிய அந்த ஒற்றைக் கல் வளைவைத் தாங்க, இரு கரைகளிலுமாக 12,000 கம்பங்கள் இறக்கப்பட்டன என்கிறார்கள். பாலத்தின் மேலே இரு வரிசைக் கடைகள், நடுவே படிகள், அந்தப் படிகளில் நகர முடியாத கூட்டம். புது மண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் தீபாவளிக்கு முந்தின வாரம் நுழைந்து பார்த்தவர்களுக்கு அது பழகிய நெரிசல்தான்.

ஏழு நாள்கள் மிதித்த தொடைகளுக்கு வெனிஸ் கொடுத்த தண்டனை அந்தப் படிகள். ஊரில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள். படகு அடியில் போக வேண்டும் என்பதால் ஏறக்குறைய எல்லாமே முதுகு உயர்ந்த படிப் பாலங்கள். சைக்கிளுக்கு ஏன் தடை என்பது முதல் மணி நேரத்திலேயே விளங்கிவிட்டது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டிய சந்துகளில் ஒன்பது சைக்கிள்களை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வழி தவறுவதும் உறுதி. மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கிய ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். எந்தத் தெருவில் விட்டாலும் ஒரு கோபுரத்தைப் பார்த்துத் திசை தெரிந்துகொள்வோம். வெனிசில் சந்து திடீரென்று முடிந்துவிடுகிறது, முடிந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. கதவு எண்ணும் தெருவுக்குத் தெரு தொடங்குவதில்லை. ஊரை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முழுவதற்கும் ஒரே தொடர் எண்ணாக ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கைப்பேசியை நம்பி முன்னால் போன எங்கள் மென்பொருள் தம்பி, மூன்றாவது முறையாக ஒரே மளிகைக் கடையின் முன் எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, கடைக்காரரே வெளியே வந்து சிரித்துக்கொண்டு, சுவரில் ‘பெர் சான் மார்கோ’, அதாவது புனித மாற்கு சதுக்கத்துக்கு வழி, என்று எழுதியிருந்த மஞ்சள் பலகையைக் காட்டினார். அன்று முதல் கைப்பேசி பைக்குள் போனது, மஞ்சள் பலகைதான் வழிகாட்டி.

புனித மாற்கு சதுக்கத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 98.6 மீட்டர் உயர மணிக்கூண்டு 1902 ஜூலை 14 அன்று அப்படியே சரிந்து விழுந்து, பழைய உருவிலேயே 1912இல் மீண்டும் எழுந்தது. 1609இல் கலிலியோ தம் தொலைநோக்கியை ஊர்ப் பெரியவர்களுக்குக் காட்டியதும் பழைய மணிக்கூண்டின் உச்சியிலிருந்துதான். மின்தூக்கியில் மேலே போய்ப் பார்த்தால் வியப்பாக இருந்தது: காணும் திசையெல்லாம் செந்நிற ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் காயல்; கீழே அத்தனை கால்வாய்கள் ஓடுகிற ஊரில், உள்ளே ஓடும் ஒரு கால்வாய்கூட என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. பேராலயத்தின் முகப்பில் நான்கு வெண்கலக் குதிரைகள் நிற்கின்றன. 1204இல் கான்ஸ்தாந்திநோபிளைக் கொள்ளையடித்து எடுத்து வந்தவை. 1797இல் நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். 1815இல் திரும்பி வந்தன. வெளியே நிற்பவை நகல், மூலம் உள்ளே இருக்கிறது. குதிரைகள் இப்படி ஊர் ஊராகக் கைமாறியதைக் கேட்டதும், ஆண்டுதோறும் ஆவணி மூலத்தில் நரியைப் பரியாக்கிப் பரியை மறுபடி நரியாக்கிக் காட்டும் ஊரிலிருந்து வந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

என்னை உண்மையில் கட்டிப்போட்டவை கிணறுகள். வெனிசில் சான் மார்கோவைத் தவிர மற்றச் சதுக்கங்களைக் ‘காம்போ’, அதாவது வயல், என்றே சொல்கிறார்கள். ஒவ்வொரு காம்போவின் நடுவிலும், ஒரு பெரிய உரலைக் கவிழ்க்காமல் வைத்தது போல, பூவேலையும் முகங்களும் செதுக்கிய கல் ஒன்று இரண்டு மூன்று படிகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. வாய் இரும்பு மூடியால் அடைபட்டிருக்கிறது. கைப்பேசி வைக்கவும், கால் ஓய்ந்தவர்கள் சாயவும், குழந்தைகள் பந்தை அடித்துத் திரும்ப வாங்கவும் இப்போது அது பயன்படுகிறது. முதல் இரண்டு காம்போக்களில் நானும் அதை அலங்காரம் என்றே நினைத்துக் கடந்தேன். மூன்றாவதில், அதைச் சுற்றித் தரையில் நான்கு பக்கமும் துளையிட்ட வெள்ளைக் கற்கள் பதித்திருப்பதும், சதுக்கத்தின் தளம் முழுவதும் அந்தத் துளைகளை நோக்கி மெல்லச் சாய்ந்திருப்பதும் கண்ணில் பட்டன. முப்பது ஆண்டுகள் வாட்டம் பார்த்த கண் பொய் சொல்லாது. அது வடிகால் இல்லை, வரத்து.

எங்களோடு போல்சானோவிலிருந்து வந்த வழிகாட்டிப் பெண் பதுவா நகரத்துக்காரர். கோடி அற்புதர் அந்தோணியாரின் ஊர் என்பதால், எங்கள் குழுவில் இருந்த ஆசிரியை அக்கா அவரிடம் முதல் நாளிலிருந்தே தனி மரியாதை காட்டி வந்தார். என் கேள்விகளுக்கு அவர் பொறுமையாகச் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். வெனிசைச் சுற்றி இருப்பது அவ்வளவும் உப்புநீர். தோண்டினாலும் உப்பே ஊறும். ஆகவே சதுக்கத்தை ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குப் பெரிய குழியாகத் தோண்டி, பக்கங்களிலும் அடியிலும் கடல்நீர் கசியாதபடி களிமண்ணைக் கனமாக அப்பி, நடுவில் செங்கல் உறையை எழுப்பி, உறைக்கும் களிமண்ணுக்கும் இடைப்பட்ட வெளி முழுவதையும் ஆற்று மணலால் நிரப்பியிருக்கிறார்கள். கூரைகளிலும் தளத்திலும் விழும் மழை, துளைக் கற்கள் வழியே இறங்கி, மணலில் வடிந்து தெளிந்து, நடு உறைக்குள் ஊறிச் சேரும். நாம் பார்ப்பது கிணற்றின் கழுத்து மட்டும். கிணறு என்பது நாம் நின்றுகொண்டிருக்கும் சதுக்கம் முழுவதும்.

இதைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது வைகையின் ஊற்று. சிறு வயதில் கோடை நாள்களில், ஆறு வறண்டு கிடக்கும்போது, ஆச்சியோடு மணலில் இறங்கி, முழங்கை ஆழத்துக்குக் கையால் பறித்துவிட்டுக் காத்திருப்போம். முதலில் கலங்கலாக ஊறும் நீரை இறைத்து ஊற்றிவிட்டு, அடுத்து ஊறுகிற தெளிந்த நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்புவோம். அந்த மணல் செய்த வேலையைத்தான் இவர்கள் சதுக்கத்துக்கு அடியில் தாங்களே கட்டி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஆறு கொடுத்த மணலை நாங்கள் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம் என்பதையும் அங்கே நின்று நினைத்தேன். அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லவில்லை.

பொதுக் கிணறுகளைப் பூட்டியே வைத்திருந்தார்களாம். நாளுக்கு இருமுறை மணி அடிக்கும், பொறுப்பாளர் வந்து மூடியைத் திறப்பார், பெண்கள் செம்புக் குடங்களோடு வரிசையில் நிற்பார்கள். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் ஊருணிக்கு வேலியிட்டு, காவல் போட்டு, கால் நனைக்கவும் விடாமல் காத்த கிராமங்களை நான் பணியில் பார்த்திருக்கிறேன், முறை ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டில் வெனிசில் 6,000க்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 600 கிணற்றுத் தலைகள் மிஞ்சியிருக்கின்றன. தோஜே எனப்படும் ஆட்சித் தலைவரின் அரண்மனை முற்றத்தில், 1550களில் வார்த்த வெண்கலத் தலைகள் இரண்டு நிற்கின்றன. பெருமூச்சுப் பாலத்தைப் படமெடுக்க எல்லோரும் விரைந்தபோது, நான் அந்த இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்ததால், அரை மணி நேரம் என்னைக் காணாமல் தேடினார்கள்.

மழை பொய்த்தால் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். படகில் தண்ணீர் கொண்டுவந்து கிணற்றில் ஊற்றியிருக்கிறார்கள். அதற்கென்றே தண்ணீர்க்காரர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீர் வந்தது பிரெந்தா ஆற்றிலிருந்து. முந்தின நாள்தான் பதுவாவிலிருந்து மெஸ்த்ரே வரை அந்தப் பிரெந்தாவின் வாய்க்காலோரம், பழைய பிரபுக்களின் கோடை மாளிகைகளைப் பார்த்தபடி, வாத்துகளுக்கு வழிவிட்டுக்கொண்டு மிதித்து வந்திருந்தோம். அழகான வாய்க்கால் என்று மட்டுமே நினைத்த நீர், ஒரு நகரத்தின் தாகத்துக்குப் படகேறிய நீர் என்பது ஒரு நாள் தாமதமாகத் தெரிந்தது. 17ஆம் நூற்றாண்டில் அந்த நல்ல நீரைக் காயலின் விளிம்புவரை தனியே கொண்டுவர ‘செரியோலா’ என்ற கால்வாயையும் வெட்டினார்கள். குழாய் நீர் 1884இல்தான் வந்தது. பின்னாளில் எதிர்க்கரைத் தொழிற்சாலைகள் ஆழ்துளையிட்டு நிலத்தடி நீரை உறிஞ்சியதில் ஊரே சில சென்டிமீட்டர் கீழே இறங்கியது. 1970களில் அதை நிறுத்தினார்கள், இறங்கியதில் பெரும்பகுதி திரும்ப ஏறவில்லை. இன்று சந்துகளிலும் காம்போக்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு குழாய்களில் குடிநீர் கிடைக்கிறது. கடையில் பாட்டில் வாங்க வேண்டாம். போகிறவர்கள் காலிப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள்.

கொந்தோலா என்னும் துடுப்புப் படகில் நாங்கள் ஏறவில்லை. பகலில் அரை மணிக்கு 90 யூரோ என்பது நகராட்சி வகுத்த கட்டணம். ஐந்து பேர்வரை உட்காரலாம் என்றாலும், அந்தத் தொகையைக் கேட்டதும் வங்கி மேலாளரின் முகம் போன போக்கைப் பார்த்து யாரும் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக, பாலம் இல்லாத இடங்களில் பெருங்கால்வாயைக் குறுக்கே கடத்திவிடும் ‘த்ராகெத்தோ’ என்ற பெரிய கொந்தோலாவில் தலைக்கு 2 யூரோ கொடுத்து ஏறினோம். கடக்க இரண்டு மூன்று நிமிடம், உள்ளூர்க்காரர்கள் உட்காராமல் நிற்கிறார்கள், நாங்களும் நின்றோம். அக்கரையில் இறங்கி சான் த்ரொவாசோ கால்வாயோரம் போனால், மறுகரையில் கொந்தோலாக்களைப் பழுது பார்க்கும் பழைய மரப் பட்டறை ஒன்று தெரிகிறது. கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றைப் பார்த்த தம்பி, “அண்ணே, இது கோணலா இருக்கே” என்றார். கோணல்தான், வேண்டுமென்றே செய்த கோணல். ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம். ஓட்டுபவர் பின்னால் நின்று வலப்பக்கம் மட்டுமே துடுப்புப் போடுவதால், நேரான படகு இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும்; அதை நேராக ஓடவைக்கத்தான் உடலை வளைத்திருக்கிறார்கள். ஒரு வாரமாகச் சைக்கிளின் முன்சக்கரம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் முணுமுணுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கணக்கைக் காண அவ்வளவு நிறைவாக இருந்தது. அரை மணி நேரம் அங்கேயே மதில்மேல் உட்கார்ந்திருந்தோம். இலவசம்.

பெருங்கால்வாயின் முகத்தில் நிற்கும் சாலுத்தே ஆலயம், 1630இல் வந்த கொள்ளைநோயில் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டபோது, நோய் நீங்கினால் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டு எழுப்பியது. 1631இல் தொடங்கி 1687இல் முடிந்தது. அடியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் இறக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். நோய் வந்தால் அம்மனுக்கு நேர்ந்துகொள்வது நமக்குப் புதிதல்ல என்று அக்கா சொன்னார். எனக்கோ மனம் ஆண்டுக் கணக்கில் போனது. அந்தக் கம்பங்களின் மேல் சுவர்கள் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1636இல் மகாலும் 1645இல் மாரியம்மன் தெப்பக்குளமும் திருமலை நாயக்கரால் மதுரையில் கட்டப்பட்டன. மகாலைக் கட்ட இத்தாலியர் ஒருவர் உதவினார் என்று நம் ஊரில் சொல்வதுண்டு. அது எப்படியோ, வைகையிலிருந்து நிலத்தடிக் கால் வழியே தெப்பக்குளத்துக்கு நீர் கொண்டுவந்த நம் ஆட்கள் யாராவது அந்தக் காம்போக்களைப் பார்த்திருந்தால், இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள நிறைய இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் மாலை, ரியால்தோவுக்குப் பின்புறம் ஒரு தாழ்ந்த வழிக்குள் குனிந்து போய், ‘மிலியோன்’ என்ற பெயர் தாங்கிய முற்றத்துக்கு வந்தோம். மார்கோ போலோவின் குடும்பம் வாழ்ந்த இடம். வீடு தீயில் அழிந்து, அங்கே 17ஆம் நூற்றாண்டில் ஒரு நாடக அரங்கு எழுந்துவிட்டது. பைசாந்தியக் கல்வளைவு ஒன்றும் பெயர்ப்பலகையும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. சுற்றுலாக் கூட்டமும் இல்லை. ஆனால் எங்களுக்கு அவரிடம் உறவு உண்டு. 1290களில், சீனத்திலிருந்து கடல்வழியே திரும்பும்போது, பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கி, முத்துக்குளிப்பதையும், அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிச் சரியான பராமரிப்பின்றிச் செத்துப்போவதையும், காயல் துறைமுகத்தையும் எழுதி வைத்தவர் அவர். காயலுக்குள் பிறந்தவர் காயலுக்கு வந்திருக்கிறார்.

அவர் எழுதியவற்றில் ஒன்றை அந்த முற்றத்தில் நின்றபடி எல்லோருக்கும் சொன்னேன். இந்த நாட்டு மக்கள் குடிக்கும்போது கலத்தை உதட்டில் படவிடுவதில்லை, உயரப் பிடித்து வாய்க்குள் ஊற்றிக்கொள்கிறார்கள். கலம் இல்லாத வெளியாளுக்கு அவர் கையை ஏந்தச் சொல்லி அதில் ஊற்றுகிறார்கள் என்று அவர் வியந்திருக்கிறார். இதைக் கேட்டதும் எங்கள் வழிகாட்டிப் பெண் கைகொட்டிச் சிரித்தார். ஏழு நாள்களும் நாங்கள் ஒரே பாட்டிலை ஒன்பது பேருக்குச் சுற்றவிட்டு அண்ணாந்து குடித்ததைக் கண்டு முதலில் திகைத்தவர் அவர்தான். வெரோனாவுக்கு முன்பு ஒரு திராட்சைத் தோட்டத்தருகே தாமும் முயன்று பார்த்து, சட்டை முழுவதையும் நனைத்துக்கொண்டார். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் தம் பக்கத்து ஊர்க்காரர் பார்த்த அதே காட்சி என்பது அவருக்குப் பெருமையாக இருந்தது. கையில் ஊற்றியதற்குப் பின்னால் தீட்டு என்ற கசப்பான கதையும் நம் ஊரில் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. என் சுமாரான ஆங்கிலத்தில் அதையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திக் கேட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில், ரியால்தோவுக்கு அருகே ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குள் மின்பலகையில் ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அது வெனிசின் பழைய நகரில் எஞ்சியிருக்கும் குடியிருப்பவர்களின் தொகை. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் இருந்த ஊர், 2022இல் 50,000க்குக் கீழே போய்விட்டது. வீடுகள் விடுதிகளாகிவிட்டன. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட சில நாள்களில், இரவு தங்காமல் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரேயில் தங்கியவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் லீதோவுக்குப் போனோம். காயலுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் அந்த மணல் தீவில் சைக்கிளுக்குத் தடையில்லை. வாடகைக்கு எடுத்த கனமான சைக்கிள்களில் ஏறியதும் ஒன்பது பேர் முகத்திலும் விடுமுறை விட்ட பள்ளியின் களை வந்துவிட்டது. தீவின் தென்முனைவரை மிதித்து, சைக்கிளோடு படகேறி, பெல்லெஸ்த்ரீனா தீவில் இறங்கினோம். அங்கே கடலைத் தடுக்க 1744 முதல் 1782 வரை கட்டிய ‘முராத்சி’ என்ற கற்சுவர் கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது; எரிமலைச் சாம்பல் கலந்த காரையால் பிணைத்த இஸ்த்ரியக் கல். கையால் தடவிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. 1966 நவம்பர் 4 அன்று கடல் அந்தச் சுவரையும் உடைத்துக்கொண்டு வந்து, வெனிசில் 194 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஏறியது. 2019 நவம்பர் 12இல் 187 சென்டிமீட்டர். இப்போது மூன்று முகத்துவாரங்களின் கடற்படுகையில் 78 இரும்புக் கதவுகள் நீர் நிரம்பிப் படுத்துக் கிடக்கின்றன. கடல் ஏறும் என்று கணித்தால் காற்றை உள்ளே செலுத்தி நீரை வெளியேற்றுகிறார்கள். கதவுகள் எழுந்து நிற்கின்றன. 2020 அக்டோபர் 3 அன்று முதல்முறை ஊரைக் காத்தன. 500 கோடி யூரோவுக்கு மேல் செலவு, நடுவில் ஊழல் வழக்கு, கைதுகள் எல்லாம் உண்டு. நாங்கள் படகில் கடந்த மலமோக்கோ முகத்துவாரத்துக்கு அடியில் 19 கதவுகள் இருந்தன. பார்க்க ஒன்றுமே தெரியவில்லை. வைகை உடைத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதையும், வந்தியின் பங்குக்குச் சொக்கநாதர் கூடை தூக்கி வந்து, பிட்டைத் தின்றுவிட்டு வேலை செய்யாமல் பிரம்படி பட்டதையும் அந்தப் பெண்ணுக்கு அக்கா சொல்லிக்கொண்டு வந்தார். “ஒப்பந்தக்காரருக்கு அடி விழுந்ததா?” என்று அவர் கேட்டார். எல்லோர் முதுகிலும் விழுந்தது என்று அக்கா சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

ஊர் திரும்பும் விமான நிலையத்துக்கு வைத்திருக்கும் பெயர் மார்கோ போலோ. பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோது, பைக்குள் பாட்டில் பாதி நிறைந்திருப்பது நினைவுக்கு வந்தது. காலையில் கடைசியாக ஒரு காம்போவின் குழாயில் பிடித்த தண்ணீர். அருகில் நின்ற அதிகாரி தொட்டியைக் காட்டி, அதில் கொட்டிவிடுமாறு சைகை செய்தார். எனக்கு மனம் வரவில்லை. பாட்டிலை உயர்த்தி அண்ணாந்து ஊற்றிக்கொண்டு அக்காவிடம் நீட்டினேன், அக்கா குடித்துவிட்டு மேலாளரிடம், மேலாளர் தம்பியிடம். ஒரு சொட்டும் தரையில் விழவில்லை. அதிகாரி தட்டுகளை நகர்த்துவதை நிறுத்திவிட்டு, பாட்டில் எங்கள் வரிசையின் கடைசி ஆளிடம் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.